டிசம்பர் 31 அன்று இருந்தவர்கள்

ஜனவரி 2, வியாழன்

அரை மக் அரிசி வைத்து, முட்டைக்கோஸ் பொரியல் செய்து, டப்பாவில் அடைத்துக்கொண்டு பல்லாவரத்தில் பஸ் ஏறினேன். புது வருஷத்தின் முதல் வேலைநாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

இந்த டைரி ஜெனி வாங்கிக் கொடுத்தது. "ரிட்டயர் ஆகப்போற. இனிமேலாவது உனக்குன்னு எதாவது எழுதும்மா" என்றாள். மகள் சொன்னால் கேட்க வேண்டியதுதான். ஆனால் கோப்பின் முதல் பக்கத்தில் விவரம் எழுதாமல் எனக்கு அடுத்த பக்கம் ஓடாது. ஆகவே:

பெயர் அமலோற்பவம். ராணுவத் தலைமையகம் ஒன்றின் விருதுப் பிரிவில் சிவிலியன் கண்காணிப்பாளர். பிப்ரவரி 28 ஓய்வு. ஆண்டுதோறும் சிறந்த சிறு யூனிட்டுக்கு விருது கொடுப்பது எங்கள் வேலை. சண்டை போடுகிற பெரிய பட்டாலியன்களுக்கு வேறு விருதுகள் இருக்கின்றன. எங்களுடையது ஆஸ்பத்திரி, பட்டறை, ரேஷன் கிடங்கு, பாலம் போடுகிற கம்பெனி இந்த மாதிரி ஆட்களுக்கு. வெல்கிற யூனிட்டில் டிசம்பர் 31 அன்று ஆள்பலத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு பித்தளை பேட்ஜ். பொத்தான் அளவுதான். ஆனால் சாகும்வரை சட்டையில் குத்திக்கொள்ளலாம். அதற்காக மனிதர்கள் படுகிற பாட்டை முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

டிசம்பர் 31 என்பது விதி 9. அதற்குக் கீழே, ஆள் யூனிட்டை விட்டு நீங்கிய நாள் எது என்று ஒரு துணை விதியும் இருக்கிறது. தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன்.

ஜனவரி 3

ருக்மாங்கதன் ஆபீஸ் குண்டூசி டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டேன். மகளுக்கு ஸ்கூல் சார்ட் ஒட்டவாம். அரசாங்கச் சொத்து என்றேன். "குண்டூசி மேடம்!" என்றார். குண்டூசியும்தான் என்றேன். எனக்கு அடுத்து இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவர். நாற்பத்திரண்டு வயது, எல்லாவற்றுக்கும் ஒரு எதிர்க்கேள்வி. வேலை தெரிந்தவர்தான்.

ஜனவரி 8

தேர்வுக் குழு கூடியது. பத்தொன்பது விண்ணப்பங்களில் மூன்று மிஞ்சின. நான் தேநீருக்குச் சொல்லிவிட்டு, மதிப்பெண் தாள்களைக் கூட்டிக்கொண்டிருந்தேன். பாலக் கம்பெனி முதலிடம், கண் ஆஸ்பத்திரி இரண்டாம் இடம். இரண்டு முறை கூட்டினேன். பிறகு ருக்மாங்கதனிடம் கொடுத்து மூன்றாம் முறையும் கூட்டச் சொன்னேன்.

போன செப்டம்பரில் வடகிழக்கில் ஓர் ஆற்றில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது, இந்தக் கம்பெனி பதினோரு நாள் தண்ணீரில் நின்று மிதவைப் பாலம் போட்டு, இரண்டாயிரத்து முன்னூறு பேரை இக்கரைக்குக் கொண்டுவந்தது. அதில் ஆடு மாடு சேரவில்லை.

கர்னல் பிஷ்ட், "உங்களுக்குத் திருப்திதானே மேடம்?" என்று கேட்டார். (அவருக்குத் தமிழ் வராது. அவர் பேசுவதை நான்தான் தமிழில் எழுதிக்கொள்கிறேன்.) எனக்கு என்ன திருப்தி, கூட்டல் சரியாக இருந்தால் சரி என்றேன்.

இந்தக் கம்பெனியை எனக்குக் கொஞ்சம் தெரியும். அதனால்தான் மூன்றாம் முறை கூட்டச் சொன்னேன்.

ஜனவரி 14, பொங்கல்

ஜெனியும் மாப்பிள்ளையும் ஓசூரிலிருந்து வந்திருந்தார்கள். கேஸ் அடுப்பில்தான் பொங்கல். பொங்கியதும் மாப்பிள்ளை அடக்கமாக ஒரு சத்தம் கொடுத்தார், மாடி வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு இல்லாத அளவுக்கு.

ஜெனிக்கு என் அடுக்களையைச் சுத்தம் செய்யாவிட்டால் தூக்கம் வராது. அரிசி டின்னுக்குள் கிடந்த எனாமல் மக்கை எடுத்துக் காட்டி, "இதத் தூக்கிப் போடும்மா. விளிம்பெல்லாம் உதிர்ந்து கருப்பா இருக்கு, அரிசியில விழும்" என்றாள். அளவு மாறிவிடும், வை என்றேன்.

"அடியில என்னமோ நம்பர் கீறியிருக்கே?"

"உங்கப்பா நம்பர். பட்டாளத்துல தட்டு மக்கெல்லாம் மாறிடும்னு ஆணியால கீறி வச்சுக்குவாங்க."

அவள் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு டின்னிலேயே போட்டாள். அவளுக்கு அப்பாவை நினைவில்லை. அவர் போனபோது இரண்டு வயது.

ஜனவரி 20

பாலக் கம்பெனியிலிருந்து ஆள்பலப் பட்டியல் வந்தது. பட்டியலைச் சரிபார்த்த பிறகுதான் விருதை அறிவிப்போம். ஆனால் பட்டியல் கேட்டாலே ஜெயித்துவிட்டோம் என்று யூனிட்டுக்குத் தெரிந்துவிடும். இந்நேரம் அங்கே லட்டு பிடித்திருப்பார்கள்.

நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள். மாற்றல் ஆணைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். அறுபத்து நாலாவது பெயர் நாயக் வேல்சாமி. டிசம்பர் 19 தேதியிட்ட ஆணைப்படி அவர், நீண்டநாள் சிகிச்சையில் இருப்பவர்களைக் கணக்கில் வைக்கிற ஆஸ்பத்திரி டிப்போவுக்கு மாற்றப்பட்டுவிட்டார். 31 அன்று கம்பெனியில் இல்லை. பட்டியல் தவறு.

விருது விண்ணப்பத்தை எடுத்து வேல்சாமி யார் என்று பார்த்தேன். ஒன்பதாம் நாள், மிதவைக்கும் பாலத் துண்டுக்கும் நடுவில் இடது கால் மாட்டிக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

விதி விதிதான். ஒரு பெயரை எடுத்துவிட்டு ஜனவரி 31-க்குள் திருத்திய பட்டியல் அனுப்பச் சொல்லிக் கடிதம் தயார் செய்தேன். தவறினால் விருது இரண்டாம் இடத்துக்குப் போகும்.

ஜனவரி 21

கடிதம் போய்ச் சேருவதற்குள் போனிலும் சொல்லிவிடலாம் என்று கூப்பிட்டேன். கம்பெனித் தலைவரான மேஜர் ஏதோ பயிற்சிக்குப் போயிருக்கிறார். பொறுப்பில் இருப்பவர் சுபேதார் இசக்கிமுத்து. திருநெல்வேலிக்காரர் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது.

"வணக்கம்மா, சுபேதார் இசக்கிமுத்து பேசுதேன். ரொம்ப சந்தோசம்மா."

சந்தோஷத்தை உடைக்கிற வேலை எனக்கு. "வேல்சாமி பேரை எடுத்துட்டுப் பட்டியலைத் திருப்பி அனுப்புங்க சார். நூத்திப் பதினேழுதான் வரும்."

"அது முடியாதும்மா."

"முடியாதுன்னா? பத்தொன்பதாம் தேதியே அவரு மாத்தலாயிட்டாரே."

"மாத்துனது பேப்பர்லம்மா. நான் போய்ப் பாத்துட்டுதான வாரேன். கட்டில் தலைமாட்டுல எங்க கம்பெனி கொடியத்தான் ஒட்டி வச்சிருக்கான்."

"கொடி ஒட்டுறதுக்கெல்லாம் விதியில எடமில்ல சார்."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார்: "ஆளத் தண்ணியில விட்டுட்டு வார பழக்கம் எங்களுக்குக் கெடையாதும்மா. ஆபீஸ்ல இருக்கவங்களுக்கு இத எப்படிச் சொல்லிப் புரிய வைக்கன்னு எனக்குத் தெரியல."

போனை வைத்த பிறகும் கை அதன்மேலேயே இருந்தது. எனக்குப் புரியாதாம்.

ஜனவரி 22

அந்த வார்த்தை ராத்திரி முழுவதும் உறுத்தியது. எழுதிவிடுகிறேன்.

என் கணவர் சவரிமுத்து இதே பாலக் கம்பெனியில் நாயக்காக இருந்தார். அப்போது கம்பெனி இங்கேதான், எங்களுக்குக் குடும்பக் குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். 93-இல் புயல் வந்தபோது கடலோரத்தில் மூன்று பாலம் போட்டார்கள். அதில் இரண்டில் அவர் கழுத்தளவு தண்ணீரில் நின்று முளை அடித்தார். டிசம்பரில் மூளைக்காய்ச்சல். எட்டு நாள். 21-ஆம் தேதி போய்விட்டார்.

அவருடைய உடுப்பு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. 29-ஆம் தேதி காலையில் எல்லாவற்றையும் துவைத்து மடித்து, பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, தட்டு, கரண்டி, கம்பளி, பெல்ட் என்று டிரங்குப் பெட்டியில் அடுக்கி, ஜெனியை இடுப்பில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போய்க் கிட் ஸ்டோரில் ஒப்படைத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகப் போனேன். அரசாங்கச் சொத்து ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன்.

அந்த வருஷம் விருது அந்தக் கம்பெனிக்குத்தான். எல்லாம் தாமதமாகி, பட்டியல் அடுத்த ஆகஸ்டில்தான் வந்தது. அதற்குள் கருணை அடிப்படையில் எனக்கு இந்த ஆபீஸில் வேலை கொடுத்திருந்தார்கள். சேர்ந்த மூன்றாம் வாரம் நான் தட்டச்சு செய்த முதல் பட்டியல் அது. நூற்று இருபத்தாறு பெயர்கள். அவர் பெயர் இல்லை. தலைமை எழுத்தர் சங்கடத்தோடு விதி 9-ஐக் காட்டினார். சாமானை ஒப்படைத்த நாளோடு ஆள் கணக்கிலிருந்து போய்விடுகிறார். நான் ஒப்படைத்தது 29.

இரண்டு நாள் சும்மா இருந்திருந்தால் போதும்.

பட்டியலில் ஒரு பிழையும் இல்லை என்று தலைமை எழுத்தர் பாராட்டினார்.

ஜனவரி 27

பாலக் கம்பெனியிலிருந்து கடிதம். ஐந்தே வரி. வேல்சாமி இல்லாத பட்டியலை அனுப்பக் கம்பெனிக்கு மனமில்லை. ஆகவே விருதைப் பணிவுடன் மறுக்கிறோம். கீழே சுபேதாரின் கையெழுத்து. அதற்கும் கீழே கம்பெனி முழுவதும் கையெழுத்துப் போட்டிருக்கிறது, சமையல்காரர் உட்பட. எண்ணிப் பார்த்தேன், வேல்சாமியையும் மேஜரையும் தவிர நூற்றுப் பதினாறு.

முப்பது வருஷத்தில் விருது வேண்டாம் என்று சொன்ன யூனிட் இதுதான் முதல். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன பிடிவாதம்! ஒரு ஆளுக்காக நூற்றுப் பதினேழு பேரும் இழக்க வேண்டுமா? பதினோரு நாள் தண்ணீரில் நின்றது எதற்கு?

மத்தியானம் டப்பாவைத் திறந்து, சாப்பிடாமல் மூடினேன். அன்றைக்கு எங்கள் கம்பெனியில் இப்படி ஒரு ஆளாவது பிடிவாதம் பிடித்திருக்கலாம். ஆத்திரம் அதுதான்.

ஜனவரி 28

கர்னல் கடிதத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அருமையான ஆட்கள். ஆனால் என்ன செய்வது, கண் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றார்.

செய்கிறேன் என்றேன். ஆனால் கோப்பை முடிப்பதற்கு வேல்சாமியின் கிளியரன்ஸ் சீட்டு நகல் வேண்டும் என்று சொல்லி, கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். ருக்மாங்கதன், "சீட்டெல்லாம் நாம கேக்குறதே இல்லையே மேடம்?" என்றார். உண்மைதான். முன்பெல்லாம் சீட்டுகளும் பட்டியலோடு வரும். கட்டு பெருத்துப்போகிறது என்று 96-இல் நிறுத்திவிட்டார்கள். மாற்றல் ஆணை தேதியும் சீட்டு முடிந்த தேதியும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம். நானும்தான்.

கோப்பு முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டேன். வேறொன்றுமில்லை.

ஜனவரி 30

சீட்டு வந்தது.

இதைப் பார்க்காதவர்களுக்காக: யூனிட்டை விட்டுப் போகிறவர் எங்கெங்கே என்னென்ன வாங்கியிருக்கிறாரோ அங்கெல்லாம் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆயுதக் கிடங்கு, நூலகம், சமையற்கூடம், கிட் ஸ்டோர். நடக்க முடியாதவருக்காக வேறொருவர் சுற்றி வாங்குவார். வேல்சாமிக்காக யாரோ சுற்றியிருக்கிறார்கள். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து இருந்தது, கிட் ஸ்டோர் கட்டத்தைத் தவிர. அங்கே இப்படி எழுதியிருந்தது: "பூட்ஸ், இடது, 1: வரவில்லை."

உடனே சுபேதாரைக் கூப்பிட்டேன். அவர் குரலில் பழைய சந்தோஷம் இல்லை.

"கிட் ஸ்டோர்ல ஏன் சார் கையெழுத்து இல்ல?"

"அந்தக் கொடுமைய ஏம்மா கேக்கீங்க. ஸ்டோர் ஹவில்தார் பொன்னுரங்கம் போடமாட்டேன்னுட்டாரு. பூட்ஸுன்னா ஜோடியா வரணுமாம், ஒத்த பூட்ஸ வாங்கி வச்சா கணக்கு இடிக்குமாம். அந்த இன்னொண்ணு கால் மாட்டுன அன்னைக்கே ஆத்துல போயிருச்சு ஓய்னு சொன்னா, அப்ப அதுக்கு எழுத்துல விசாரணை வையிங்கன்னு நிக்காரு. கல்லு மாதிரி மனுசன்."

"இன்னைய தேதி வரைக்கும் போடலயா?"

"போடலம்மா."

"சார், நான் சொல்றதக் கவனமாக் கேளுங்க. யாரும் அவர்கிட்ட போய்ப் போடுங்கன்னு கெஞ்சாதீங்க. அந்தச் சீட்டை யாரும் தொடாதீங்க."

பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கர்னல் அறைக்குப் போனேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடிய துணை விதியை, புத்தகத்தைப் பார்த்தே படித்தேன். "மாற்றலானாலும், ஓய்வு பெற்றாலும், இறந்தாலும், கிளியரன்ஸ் சீட்டில் கடைசிக் கையெழுத்து விழுந்த நாளே ஒருவர் யூனிட்டை விட்டு நீங்கிய நாள்." கடைசிக் கையெழுத்து இன்னும் விழவில்லை. டிசம்பர் 31 அன்று நாயக் வேல்சாமி பாலக் கம்பெனியின் ஆள். பட்டியலில் தவறில்லை. தவறு என்னுடையது.

கர்னல் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரு பூட்ஸ், மேடம்?"

"இடது, சார்."

அவர் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. ஒரு முழம் வாங்கி மாதா படத்துக்குப் போட்டேன்.

பிப்ரவரி 5

அறிவிப்பு வெளியானது. பாலக் கம்பெனி, 118 பேர். போனில் இசக்கிமுத்து பேச முயன்று, "அம்மா... அம்மா..." என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கண் ஆஸ்பத்திரிக்கு ஆறுதல் கடிதம் தயாரித்தேன். ஆறுதல் கடிதத்தில்தான் அதிகக் கவனம் வேண்டும் என்று ருக்மாங்கதனிடம் சொன்னேன்.

பிப்ரவரி 12

முதுகு வலி. மின்கட்டணம் கட்டினேன். டைரிக்கு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

விருது விழா. கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து, மரத்துக்கெல்லாம் காவி அடித்து, நின்றால் எனக்கும் அடித்துவிடுவார்களோ என்று ஒதுங்கி நடந்தேன்.

வேல்சாமி புதுச் செயற்கைக்காலில் வந்திருந்தார். மேடைக்கு மூன்று படி. பக்கத்தில் போன சிப்பாயின் கையைத் தட்டிவிட்டு ஒவ்வொரு படியாக ஏறினார். பேட்ஜ் குத்தியதும் கம்பெனி எழுப்பிய சத்தத்தில் காக்கைகள் பறந்துவிட்டன.

பிறகு தேநீரின்போது இசக்கிமுத்து அவரை என்னிடம் அழைத்து வந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் மனசில் ஒரு பெரிய மீசை வைத்திருந்தேன். ஆள் ஒல்லி, மீசையும் சிறிது.

"இவங்கதாம்டே அந்த அம்மா."

வேல்சாமிக்கு முப்பது வயதுகூட இருக்காது. சாத்தூர்க்காரராம். "அந்த வலது பூட்ஸ வச்சிருக்கியாப்பா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

"இன்னைக்குக் காலையிலதாம்மா பொன்னுரங்கம் சார்ட்ட குடுத்தேன். விசாரணை முடிஞ்சிருச்சு. வாங்கி வச்சிக்கிட்டு அழுதுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு. இனி நான் கம்பெனி ஆள் இல்லம்மா." சொல்லிவிட்டு பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஆனா இது இருக்கு."

"நாந்தான் அன்னைக்கு வாய்த்துடுக்காப் பேசிட்டேன், மன்னிச்சுக்கிடணும்" என்றார் இசக்கிமுத்து. "ஆபீஸ்ல இருக்கவங்களுக்குப் புரியாதுன்னு..."

பரவாயில்லை என்றேன். என் கணவர் உங்கள் கம்பெனிதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை. இன்றைக்கு அவர்களுடைய நாள்.

பிப்ரவரி 24

ஆவண அறையை ருக்மாங்கதனிடம் ஒப்படைக்கத் தொடங்கினேன். முப்பது வருஷம் கடந்த கட்டுகளை எரிக்க வேண்டும். எரிக்கும் நாள் 26. 91, 92 இரண்டையும் நான் பார்த்தேன். 93-ஆம் வருஷக் கட்டை அவரையே பார்க்கச் சொன்னேன். தூசி எனக்கு ஆகாது.

பிப்ரவரி 25

இன்று எழுத முடியவில்லை.

பிப்ரவரி 26

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

சாயங்காலம் நாலு மணிக்கு ருக்மாங்கதன் 93-ஆம் வருஷக் கட்டோடு என் மேசைக்கு வந்தார். உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தார். வழக்கமான எதிர்க்கேள்வி முகம் இல்லை.

"மேடம், எரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளா பாக்கணும்னு நீங்கதான் சொன்னீங்க. பாத்தேன். நாயக் சவரிமுத்து... உங்க வீட்டுக்காரரா?"

ஆமாம் என்றேன்.

"அவர் சீட்டுல ஒரு கையெழுத்து இல்ல மேடம்."

என் முன்னால் வைத்தார். மஞ்சளாகிப் போன தாள். மேலே 29 டிசம்பர் என்று தேதி. ஆயுதக் கிடங்கு, கையெழுத்து. நூலகம், கையெழுத்து. சமையற்கூடம், கையெழுத்து. கிட் ஸ்டோர் கட்டத்தில் கம்பளி, பெல்ட், பூட்ஸ், தட்டு, கரண்டி எல்லாவற்றுக்கும் நேரே சரி என்று குறி. கடைசி வரிக்கு நேரே பென்சிலில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தமிழில் இப்படி:

"மக், எனாமல், 1: குழந்தையின் கையில் இருக்கிறது. வாங்கவில்லை."

கையெழுத்து இல்லை. பெயரும் இல்லை. அந்த ஸ்டோர்க்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. முகம்கூட நினைவில்லை. அன்றைக்கு நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் ஜெனி என் இடுப்பில் அதைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தது இப்போது தெரிகிறது. காலையில் அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தது அதில்தான். பிடுங்கினால் அழுவாள். அந்த மனிதர் ஒன்றும் சொல்லாமல் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, எங்களைப் போகச் சொல்லிவிட்டார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

அரிசி அளக்கிற மக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான் என்று தோன்றாமலேயே, நான் எல்லாவற்றையும் சரியாக ஒப்படைத்தேன் என்று முப்பத்தொரு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சரிக்காகத்தான் என்னை நானே வைதுகொண்டும் இருந்தேன். சீட்டின் மேலே தேதியைப் பார்த்தவர்கள் அடியில் பார்க்கவில்லை. பட்டியலைத் தட்டச்சு செய்த நானும் இந்தச் சீட்டை அன்று புரட்டிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

"மேடம், அந்த மக் இப்ப எங்க?" என்று ருக்மாங்கதன் கேட்டார்.

அரிசி டின்னில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆபீஸில் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தி, வெளியே யாரும் வராமல் நின்றுகொண்டார்.

பிப்ரவரி 27

பழைய விருதைத் திருத்த முடியுமா என்று நானே முறைப்படி கேட்டேன். குடும்பத்தார் விண்ணப்பித்தால் முடியும், விதி 14. சொந்த விஷயம் என்பதால் நான் கோப்பைத் தொடக்கூடாது என்றும் நானே சொன்னேன். ஆகவே விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, மனுக்காரர்கள் உட்காருகிற வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த பெஞ்சு ஆடுகிறது. இத்தனை வருஷத்தில் யாரும் சொல்லவில்லை.

உள்ளே ருக்மாங்கதன் இரண்டு விரலால் தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. எழுந்துபோய் நானே அடித்துவிடலாமா என்று கை பரபரத்தது. உட்கார்ந்தே இருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து கர்னலே தாளோடு வெளியே வந்தார்.

திருத்தம் 1. பாலக் கம்பெனி, 1993. நூற்று இருபத்தாறு என்பதை நூற்று இருபத்தேழு என்று படிக்கவும். சேர்க்க வேண்டிய பெயர்: நாயக் சவரிமுத்து.

"ஏன் மேடம் இத்தனை வருஷம் சொல்லவேயில்லை?" என்று கேட்டார் கர்னல்.

"விதிப்படி சொல்ல ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன் சார்."

பிப்ரவரி 28, வெள்ளி

ஓய்வு. சால்வை, சுவர்க்கடிகாரம், சமோசா. நான் என் சீட்டோடு சுற்றி எல்லாக் கையெழுத்தும் வாங்கினேன். குண்டூசி டப்பா உட்பட எல்லாம் சரி.

கடைசியில் கர்னல் ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்தார். உள்ளே பித்தளை பேட்ஜ். முப்பது வருஷம் ஆயிரக்கணக்கில் எண்ணி எண்ணி அனுப்பியிருக்கிறேன். ஒன்றைக்கூட என் கையில் வைத்து மூடியதில்லை. இன்று பஸ்ஸில் பல்லாவரம் வரை மூடிய கையைத் திறக்கவில்லை. கண்டக்டர் சில்லறை கேட்டபோதும் இன்னொரு கையால்தான் கொடுத்தேன்.

மார்ச் 1, சனி

காலையில் இசக்கிமுத்து போன் செய்தார். திருத்தமும் பழைய சீட்டின் நகலும் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவாம்.

"ஏம்மா, அன்னைக்கு அவ்வளவு நேரம் பேசிக்கிட்டு நின்னோம். நம்ம கம்பெனி வீட்டு ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லலியே நீங்க." குரலில் நிஜமான கோபம். "சரி, ஒரு சந்தேகம் கேக்கணும்னு பொன்னுரங்கம் பக்கத்துல நிக்காரு. அந்த மக்க இன்னும் ஒப்படைக்கலல்லா?"

"இல்ல சார்."

"அப்ப துணை விதிப்படி சவரிமுத்து அண்ணன் இன்னைக்கு வரைக்கும் எங்க ஆள்தான, சரியாம்மா?"

விதி தெரிந்தவள் நான். யோசித்துப் பார்த்தேன். "சரிதான் சார்" என்றேன்.

பின்னால் பொன்னுரங்கத்தின் குரல் கேட்டது: "ஒப்படைக்க வேணாம்னு சொல்லுங்க."

ஜெனியும் மாப்பிள்ளையும் மத்தியானம் வருகிறார்கள். பேட்ஜை அவர் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். மக்கைக் கழுவித் துடைத்து, அடியில் அவர் கீறிய எண்ணை விரலால் தடவிப் பார்த்து, இரண்டு மக் அரிசி அளந்து போட்டேன். பிறகு அதை டின்னுக்குள் பழைய இடத்திலேயே வைத்து மூடினேன்.

அரசாங்கச் சொத்துதான். யார் வந்து கேட்டாலும் கொடுப்பதாக இல்லை.